பலகையைத் தட்டிய ஆமை

அந்தப் பொம்மைப் படத்தைப் பார்த்துவிட்டு அழாதவர்கள் குறைவு. மூழ்கும் படகில் தனியாக மாட்டிக்கொண்ட ஆமை மாலுமி பலகையைத் தட்டித் தட்டிக் கெஞ்சுமே, அங்கேதான் எல்லோரும் மூக்கை உறிஞ்சுவார்கள். அது கதையில் எழுதப்படவே இல்லை என்று டைரக்டர் பேட்டிக்குப் பேட்டி பெருமையடித்துக்கொள்வார். மீதியை மட்டும் சொல்ல மாட்டார். எந்த வாயால் சொல்வார்?

ஆமைக்குப் படப்பிடிப்பில் பெயர் 'மாமா'. அந்தப் பொம்மையை ஆட்டியவர்கள் ஒரு அண்ணனும் தங்கையும். மாமாவின் கைகள் அண்ணன் பொறுப்பு. கண்ணும் புருவமும் தங்கை பொறுப்பு. தண்ணீர்த் தொட்டியில், படகுக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி. அண்ணன் அதற்குள் மடங்கி உட்கார்ந்து, ரப்பர் உறைகள் வழியாகக் கைகளை மேலே நுழைத்து மாமாவை ஆட்டுவான். மூச்சுக்கு வெளியிலிருந்து ஒரு குழாய். தங்கை கரையில் ரிமோட்டோடு நிற்பாள். அண்ணன் கை எங்கே போகிறதோ, அதற்கேற்ற முகத்தை அவள் கொடுத்துவிடுவாள். ஏன், எதற்கு என்று கேட்டதே கிடையாது.

அன்று அண்ணனை உள்ளே வைத்து மூடியைத் திருகிய பிறகுதான் லைட் சரியில்லை என்றார்கள். அதை நோண்டி, கேமரா டிராலியை முன்னால் தள்ளி, ஒருவழியாக ஷாட் ஆரம்பித்தது. மாமா ஒரு சல்யூட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கை பாதி எழுந்து தொப்பென்று விழுந்தது. கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு பலகையைத் தட்டியது. டொக். டொக்.

இவனுக்குக் குசும்பு அடங்காது என்று நினைத்தாள் தங்கை. அவள் மட்டும் விடுவாளா? புருவத்தை நெரித்தாள், இமையை நடுங்கவைத்தாள். மாமா கண்ணீர் விடாத குறைதான்.

"யாரும் கட் சொல்லிடாதீங்கப்பா," என்று கிசுகிசுத்தார் டைரக்டர்.

போதும் என்று தங்கை கண்ணை மூடும் பட்டனை அழுத்தினாள். மூடவில்லை. மறுபடி அழுத்தினாள். கண்கள் மெல்லத் திரும்பி அவளையே பார்த்தன.

"அய்யோ, அண்ணா! பெட்டியத் திறங்க! யாராச்சும் திறங்களேன்!"

ரிமோட்டை வீசிவிட்டுத் தண்ணீரில் குதித்தாள். செட் போடும் ஆசாரி திருப்புளியோடு பின்னாலேயே குதித்தார்.

"அடப்பாவிங்களா, டிராலி சக்கரம் குழாய் மேல நிக்குது!" என்று யாரோ கத்தினார்கள்.

படகின் பின்பக்கம் இருந்த மூடி திறந்தது. அண்ணன் முகம் நீலம் பாரித்திருந்தது. இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. தலைக்கு மேலே ரப்பர் உறைகள் காலியாகத் தொங்கின. அவனை வெளியே இழுத்துப் பலகையில் கிடத்தி ஆசாரி நெஞ்சை அழுத்தினார். தங்கை அவன் கன்னத்தைத் தட்டித் தட்டி அழுதாள்.

"மூச்சு விடுண்ணா... ஒரே ஒரு மூச்சு விடுண்ணா..."

பக்கத்தில் அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. டொக். டொக். ஆசாரி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அண்ணன் இருமினான். இழுத்து ஒரு மூச்சு விட்டான். அதன் பிறகுதான் மாமா தட்டுவதை நிறுத்தியது.