விருந்தாளிக்குப் போட்ட கரி

அந்தப் போலீஸ்காரர் போகத்தான் கிளம்பினார். எங்கள் கம்பளிக் கூடாரத்தின் நடுவே இருந்த அடுப்பைத் தொட்டுப் பார்த்தார்; ஜில்லென்று இருந்தது. கரிப்பெட்டியைத் திறந்தார், காலி. சரக்கு ரயிலில் நிலக்கரி திருடுகிறவனைத் தேடி, உலான்பாத்தர் நகரத்துக்கு மேலே இந்த மலைச்சரிவில் வீடு வீடாக ஏறி வந்திருந்தார். மீசையில் பனி உறைந்திருந்தது. திருடியவன் தாஷ்னியாம் என்கிற என் தம்பிதான். கட்டிலில் போர்வைக்குள் கிடந்தான், கட்டிலுக்கு அடியில் மூட்டை. புகை காட்டிக்கொடுத்துவிடும் என்று பகலில் நாங்கள் அடுப்பே மூட்டுவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை அவனைப் பிடித்து எச்சரித்து விட்டிருந்தார்கள். இனி அகப்பட்டால் சிறுவர் சிறை.

கதவில் கை வைத்தவரை அம்மா கூப்பிட்டாள்.

"வாசப்படி தாண்டி வந்துட்டு வெறும் வாயோட போவக் கூடாது தம்பி. செத்த உக்காருங்க, டீ போடறேன்."

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒன்பதுதான் பறந்திருந்தது. நான் கண்ணைக் காட்டினேன், அவள் காலை மிதித்தேன். அவள் குனிந்து மூட்டையை வெளியே இழுத்தாள். வீட்டுக்கு வந்தவன் குளிரில் நடுங்குகிறான், அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

கரி பற்றிக்கொண்டதும் அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக் குளிர் காய்ந்தார். உப்புப் போட்ட பால் தேநீரை இரண்டு கிண்ணம் குடித்தார். "நல்லா இருங்கம்மா" என்று வாழ்த்தினார். அப்புறம் மீசையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"கரி யாரு கொண்டாந்தது?"

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. தாஷ்னியாம் எழுந்து பூட்ஸைத் தேடினான்.

"நான்தான். என் கரியில போட்ட டீ, எனக்கும் ஒரு வாய் ஊத்தும்மா."

அதற்குக்கூட விடவில்லை. சாட்சிக்கு என்று மூட்டையையும் தூக்கிக்கொண்டு போனார். கீழே அடுக்குமாடிக்காரர்களின் வீடுகளைச் சூடாக்கப் போகிற கரி அது. புழுக்கம் தாங்காமல் அவர்கள் பனிக்காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறார்களாம்! அதை யாரும் திருட்டு என்பதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் எங்கள் சரிவு முழுவதும் குளிர் காய்ந்திருக்கலாம்.

மறுநாள் தம்பியின் கம்பளிக் காலுறையை எடுத்துக்கொண்டு காவல் சாவடிக்குப் போனேன். உள்ளே கதகதவென்றிருந்தது. அடுப்பருகில் எங்கள் மூட்டை, அம்மா ஒட்டுப்போட்ட அதே மூட்டை, வாய் திறந்து, பாதிக்கும் கீழே இறங்கிக் கிடந்தது. மேலே கெட்டில் கொதித்தது.

"வாம்மா, குளிர்ல வந்திருக்கே. மொதல்ல ஒரு வாய் டீ குடி" என்று அதே மீசைக்காரர் கிண்ணத்தை நீட்டினார்.

நீட்டிய கிண்ணத்தை எங்கள் ஜனத்தில் யாரும் மறுப்பதில்லை. நான் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். அவர் கை நீட்டியபடியே இருந்தது. கிண்ணத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.