சீலிங்குக்கு மேலே இரண்டடி

மாடிப்படி ஏறும்போதே என் மனைவியைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன். "கொஞ்சம் வேகமா வாயேன். ஆமை கூட இந்நேரம் மேல போய் உட்கார்ந்திருக்கும்." அவள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக வந்தாள்.

டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்ததும் பின்னால் இருந்த சுவரைத் தட்டிக் காட்டினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இது யார் போட்டது தெரியுமா? ஐயாதான். இந்த மாடி முழுக்க, சுவரு, சீலிங்கு எல்லாமே."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "பரவாயில்லையே. நல்லா நேரா இருக்கு."

கல்யாணமான இருபது வருடத்தில் என் வேலையைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இணைப்பு வெளியே தெரியாமல் ஜிப்சம் போர்டுச் சுவரைப் பூசுவது எப்படி என்று பத்து நிமிடம் அளந்துவிட்டேன்.

எதிரே இருந்த ஓர் அம்மா, "டீச்சர், நீங்களா? உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். அவள் மகன் என் மனைவியின் வகுப்பில் படிக்கிறான். "சும்மா செக்கப்புதான்" என்றாள் மனைவி. என்னிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

நர்ஸ் வந்து, எடை பார்க்க அவளை அந்தக் கோடிக்கு அழைத்துப் போனாள். அந்த நேரத்தில் ஒரு பெரியவர் டாக்டரிடம் போனார். கதவு சாத்திய அரை நிமிடத்தில், அவருக்கு மூன்று நாளாக வயிறு இளகவில்லை என்பது வெளியே இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆளாளுக்குக் கைபேசியைப் பார்த்தபடி வாய்க்குள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குரல் எந்த வழியாக வருகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

வரைபடத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: டாக்டர் அறைச் சுவர் மேலே கான்கிரீட் வரைக்கும் போக வேண்டும், உள்ளே சத்தத்தை அடக்கும் பஞ்சு வைக்க வேண்டும். நான், கான்கிரீட்டுக்குக் கீழே தொங்கவிட்ட சீலிங் பலகை மட்டத்தோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேலே இரண்டடி உயரத்துக்கு ஏசி குழாய், தண்ணீர்க் குழாய், வயர் போகும் தட்டு. ஒவ்வொன்றையும் சுற்றிப் போர்டை வெட்டிச் சொருகி இடுக்கை அடைப்பது கழுத்து ஒடிகிற வேலை. சீலிங் பலகையைத் தூக்கி எவன் தலையை விட்டுப் பார்க்கப் போகிறான் என்று மூடிவிட்டேன். எவனும் பார்க்கவில்லைதான்.

பெரியவர் வெளியே வரவும், மனைவி திரும்பி வரவும் சரியாக இருந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"பையைப் பிடிங்க. வந்துடறேன்."

மெதுவாகப் பேசு என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பாளே? இப்போதுதானே அத்தனை பீற்றிக்கொண்டேன்! பேசாமல் பையை வாங்கிக்கொண்டேன். வெறும் செக்கப்தானே என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

அவள் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற குரல்.

"ரெண்டாவது பிள்ளை பொறந்ததுல இருந்தே இருக்கு டாக்டர். இப்ப ஒரு வருஷமா ரொம்ப மோசம். தும்மினா, சிரிச்சா, கொஞ்சம் வேகமா நடந்தாக்கூட சிறுநீரை அடக்க முடியல. துணி நனைஞ்சிடுது. கிளாஸ்ல நாற்காலில உட்கார்றதே இல்ல."

"வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?"

"ஐயோ, வேண்டாம் டாக்டர். கேலி பண்ணுவாரு. கல்யாணத்துக்கு வரலன்னதுக்கே, மகாராணிக்கு மவுசு கூடிப்போச்சுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னவரு."

சொன்னேன். என் அண்ணன் மகள் கல்யாணத்தில், சபை நடுவில், சிரித்துக்கொண்டே சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த மாணவனின் அம்மா கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வெளிச்சமே இல்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் என் கைபேசியை எடுத்துக் காதில் வைத்தேன். யாரும் கூப்பிடவில்லை.

"ஹலோ! எந்த சைட்டு? கேக்கல, சத்தமாப் பேசு! போர்டு வந்துச்சா? எத்தனை? நாப்பதா? நாப்பது எப்படிப் போதும்?"

"சார், மெதுவா" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். நான் விடவில்லை. "ஸ்க்ரூ வந்துச்சா? ஸ்க்ரூவு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரோ "லூசு போல" என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கதவு திறந்தது. பெரிய பாரத்தை இறக்கி வைத்த முகத்தோடு அவள் வந்தாள்.

"ஏங்க, இப்படியா கத்துவீங்க? போர்டு நாப்பது, ஸ்க்ரூ, ஒண்ணு விடாம உள்ள கேக்குது. டாக்டரே சிரிச்சிட்டாங்க..."

அதோடு நின்றுவிட்டாள். சுவரைப் பார்த்தாள், சீலிங்கைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா குனிந்து தன் பைக்குள் எதையோ தேடினாள்.

"இது நீங்க போட்ட சுவருதானே?" குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது, நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"ஆமா."

"நான் உள்ள போறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட எனக்கு முகம் இல்லை.

"தெரியும்."

என் கையிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டு படியை நோக்கி நடந்தாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது.