வாடகை நெஞ்சு

லோடு வண்டியின் பின்கதவைத் தட்டித் திறந்து வேண்டா சேர்களை இறக்க ஆரம்பித்தாள். தெருவில் நின்றவர்களில் இரண்டு பேர் ஓடிவந்து தடுத்தார்கள்.

"நீ போயி உள்ள குந்துக்கா. நாங்க பாத்துக்கறோம்."

"எந்த சேரு காலு ஒடஞ்சிகீதுன்னு எனக்குத்தான் தெரியும். வுடு."

திருப்போரூரில் அவளுக்கு சவுண்டு சர்வீஸ் கடை. புருஷன் போன பிறகு அவளே நடத்துகிறாள். கல்யாணமோ சாவோ, பந்தல், சேர், மைக்செட், ஐஸ் பெட்டி எல்லாம் அவளிடமிருந்துதான் போகும். நெம்மேலி வரைக்கும் எத்தனையோ வீடுகளில் இப்படி வந்து இறங்கி, சேர்களைப் போட்டுவிட்டு, அழுகிறவர்களுக்குக் குறுக்கே வராமல் ஒதுங்கி நின்றிருக்கிறாள். இன்று அவளுடைய ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தவன் அவளுடைய தம்பி ஜெகதீசன். எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் அவள் சேர் தூக்கினாள்.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். அவன் மனைவி ரேணுகா போன் செய்து, வேண்டா வண்டியை எடுத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திருப்போரூரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் அன்பரசி வந்து நாடி பார்த்தார், கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு வேண்டாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, நெஞ்சுல மிசின் வெச்சிருக்காரில்ல? அதோட எரிக்கக் கூடாது. பேட்டரி வெடிச்சிடும். எடுக்கணும்னா முதல்ல கம்பெனி ஆளு வந்து ஆஃப் பண்ணணும். ஆஃப் பண்ணாம கை வெச்சா எடுக்கறவங்களுக்கு ஷாக் அடிக்கும்."

ரேணுகா அழுகையை நிறுத்திவிட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டாள். அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம். அந்த வீட்டில் எல்லோருக்குமே மனப்பாடம்தான்.

ஜெகதீசன் ஓ.எம்.ஆரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தவன். நல்ல சம்பளம். இன்னா வேலை என்று வேண்டா ஒருமுறை கேட்டபோது, "போன்ல சம்மதம்னு ஒரு பட்டன் வரும் பாரு, அத எங்க வெச்சா ஜனங்க படிக்காமலே அமுக்குவாங்கன்னு கண்டுபிடிக்கிற வேலை" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டான். அதற்குள் அவன் இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கி, இடது தோளெலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் அந்தக் கருவியை வைத்துத் தைத்திருந்தார்கள். துடிப்பு தடம் மாறினால் அது ஷாக் கொடுத்துச் சரிசெய்யும். நல்ல மிசின்தான். ஒருமுறை அவன் உயிரைக் காப்பாற்றியும் இருக்கிறது.

பிறகு ஒரு நாள் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றவனுக்கு அடுத்தடுத்து ஷாக் அடித்தது. பேருந்து முழுக்கப் பார்த்திருக்க, அடிபட்ட மாடு மாதிரி கீழே விழுந்து துடித்தான். நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை, மிசின்தான் தப்பாகப் புரிந்துகொண்டது என்று பெரிய டாக்டர் சொன்னார். ஏன் அப்படிச் செய்தது என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டான். கருவிக்குள் ஓடும் சாஃப்ட்வேர் கம்பெனியின் ரகசியம், நோயாளிக்குக் காட்ட வழியில்லை என்று பதில் வந்தது. அவன் விடவில்லை. மூன்று வருஷம் எழுதினான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி ராத்திரியெல்லாம் அவன் துடிப்பைக் கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. "என் துடிப்பு கடல் தாண்டிப் போவுது, எனக்கு மட்டும் காட்ட மாட்டானாம்" என்பான்.

சாப்பாட்டு நேரத்தில்கூட அதே பேச்சு. சில சமயம் வேண்டாவுக்கே பேஜாராகிவிடும். ஆனால் அவள் கடைக்கு வாங்கின மைக்செட்டுக்கான புது மிக்சர் பெட்டி, கம்பெனியில் பதிவு செய்தால்தான் வேலை செய்வேன் என்று ஒரு திருவிழா அன்று அடம்பிடித்தபோது, அவன்தான் வந்து உட்கார்ந்து அதைத் திறந்து வழிக்குக் கொண்டுவந்தான். "அக்கா, நீ இத வாங்கல. வாங்கினதா நெனச்சிகினு கீற."

மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் நடந்ததையும் அவள் மறக்கவில்லை. மருத்துவக் கருவிக் கம்பெனிகள் சேர்ந்து நடத்திய கூட்டம். மைக்செட் அவளுடையது. கேள்வி நேரத்தில் ஜெகதீசன் எழுந்து நின்றான். அவன் வரப்போவது அவளுக்கே தெரியாது.

"என் நெஞ்சுக்குள்ள இன்னா ஓடுதுன்னு எனக்குத் தெரியக் கூடாதுன்னா, இது யாரோட நெஞ்சு சார்?"

மேனேஜர் வேண்டாவைப் பார்த்து, மைக்கை அமர்த்தச் சொல்லிக் கையால் கழுத்தை அறுக்கிற மாதிரி ஜாடை காட்டினார். வேண்டா அவரைப் பார்த்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினாள். தம்பியின் குரல் கடற்கரை வரைக்கும் கேட்டது. அந்த ரிசார்ட் அவளை மறுபடி கூப்பிடவே இல்லை.

வெயில் ஏறிய பிறகு கம்பெனி ஆள் வந்தான். மோகன் என்று பெயர். முழுக்கைச் சட்டை, தோளில் பெட்டி. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, ஐஸ் பெட்டிக்கு முன்னால் நின்று கும்பிட்டான். பிறகு ரேணுகாவிடம் ஒரு டேப்லெட்டை நீட்டினான்.

"மேடம், இதுல விரலால ஒரு சைன் போட்டுட்டீங்கன்னா நான் ஆஃப் பண்ணிடுவேன். எடுத்ததுக்கப்பறம் டிவைஸ நாங்க எடுத்துட்டுப் போயிடுவோம். ஆய்வுக்கு."

ரேணுகா விரலை நீட்டியவள், அப்படியே நிறுத்தினாள். "எடுத்துனு போயி?"

"என்ன ஆச்சுன்னு பார்ப்பாங்க."

"பாத்துட்டு எங்களுக்குச் சொல்லுவாங்களா?"

மோகன் டேப்லெட்டின் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தான்.

சித்தப்பா கோதண்டராமன் நடுவில் வந்தார். குடும்பத்தில் பெரியவர் அவர்தான். பறை அடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள், இருட்டுவதற்குள் சவத்தை எடுத்தாக வேண்டும் என்ற கவலை அவருக்கு. "போட்டுக் குடும்மா. செத்தவனுக்கு இன்னாத்துக்கு அது? இந்தக் கம்பெனி ஆளு போயிட்டா மிசின யார் ஆஃப் பண்றது? பொணத்த வெச்சிகினு குந்தினு இருக்கறதா?"

"எரிக்காம பொதச்சிடலாமே" என்றார் பந்தலில் யாரோ.

"நம்ம வூட்ல யாரப் பொதச்சாங்க?" என்று சித்தப்பா அதையும் அதட்டினார். "ரேணுகா, கையெழுத்து போடு."

வேண்டா ரேணுகாவின் பக்கத்தில் போய் நின்றாள். "நீ சொல்லும்மா. நீ போட்றதுன்னா போடு. உன் புருசன்."

ரேணுகாவின் விரல் கண்ணாடிக்கு மேலே நின்றது. ஐஸ் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"மூணு வருசம் கேட்டாரு அண்ணி" என்றாள். "ஒரே ஒரு வரி கேட்டாரு. அன்னைக்கு ஏன் என்னிய அடிச்சதுன்னு. அதுக்கு ஒரு தாளு அனுப்பல. இப்ப எடுத்துனு போறதுக்கு மட்டும் ஆளு அனுப்பறாங்க." விரலை மடக்கிக்கொண்டாள். "போட மாட்டேன்."

மோகனுக்கு வியர்த்தது. "மேடம், புரிஞ்சுக்கங்க. உள்ள இருக்கற சாஃப்ட்வேர் கம்பெனியோடது. சைன் இல்லாம ஆஃப் பண்ணா என் வேலை போயிடும்."

"தம்பி" என்றாள் வேண்டா. "இங்க கீற சேரு, பந்தலு, பொட்டி எல்லாம் என்னுது. இருவது வருசமா வாடகைக்கு வுட்றேன். வாடகைன்னு சொல்லித்தான் வுடுவேன். வித்துட்டுப் போயி, சாவு வூட்ல வந்து நின்னுகினு திருப்பிக் கேக்க மாட்டேன். என் தம்பி நெஞ்சு இன்னா வாடகை வூடா?"

மோகன் தலையைக் குனிந்துகொண்டான். "சார் எழுதின மெயில் எல்லாம் நான் படிச்சிருக்கேம்மா" என்று மெதுவாகச் சொன்னான். "பதில் எழுத எனக்கு அனுமதி இல்ல." பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவன், செருப்பைப் போடாமல் அங்கேயே நின்றான்.

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். வேண்டா டாக்டர் அன்பரசிக்குப் போன் போட்டாள்.

"ஆஃப் பண்ணாம எடுக்கவே முடியாதா டாக்டரம்மா? வேற வழியே இல்லியா?"

அன்பரசி யோசித்தார். "ஒரு வழி இருக்குக்கா. மேல கனமான காந்தம் வெச்சா, அது அங்க இருக்கற வரைக்கும் ஷாக் குடுக்காது. பெரிய ஆஸ்பத்திரில அதுக்குன்னே வளைய காந்தம் வெச்சிருப்பாங்க. என்கிட்ட இல்லியே."

"வளையமா? நடுவுல ஓட்டையோட?"

"ஆமா."

"ஸ்பீக்கருக்குப் பின்னாடி இருக்குமே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்" என்றார் டாக்டர். "நான் வரேன்."

வண்டியின் மூலையில் சுருள் எரிந்துபோன ஒரு பெரிய ஸ்பீக்கர் ரிப்பேருக்குக் கிடந்தது. வேண்டா அதைத் தெருவில் கவிழ்த்துப்போட்டு, ஸ்க்ரூ டிரைவராலும் சுத்தியாலும் பிளந்தாள். பறை அடிக்கிறவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அவள் வாயிலிருந்து ஒரு மூச்சு வந்தது. காலையிலிருந்து அவள் அழவில்லை என்பதை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். கருத்த வளையம் கையோடு வந்தபோது உள்ளங்கை கிழிந்து ரத்தம் கசிந்தது. புடவையில் துடைத்துக்கொண்டாள்.

உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஜெகதீசனைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். அன்பரசி தடித்த கையுறை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டார். தோலுக்கடியில் புடைத்திருந்த இடத்தைத் தொட்டுக்காட்டினார்.

"இங்க. அசையக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் எடுக்கவே கூடாது."

"நானு வெக்கிறேன்" என்றாள் வேண்டா.

"அடிக்கலாம்க்கா. முழு உத்தரவாதம் நான் குடுக்க முடியாது."

"அவன அடிச்சதுதானே. அடிக்கட்டும்."

கடைக்காக வாங்கின ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு காந்தத்தை வைத்து அழுத்தினாள். தம்பியின் நெஞ்சு குளிர்ந்து கிடந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பது அவள் வேலை. கத்தி இறங்கியபோது அவள் கண்ணை மூடவில்லை. ரேணுகா அவன் தலையைத் தன் மடியில் வைத்து, நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பியை டாக்டர் நறுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

வெளியே வந்தது, சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன உலோகத் துண்டு. ஓரங்கள் மழுங்கி, கூழாங்கல் மாதிரி இருந்தது. இதற்காகவா இவ்வளவும் என்று வேண்டாவுக்குத் தோன்றியது. அன்பரசி அதைக் கழுவி, துணியில் துடைத்து, ரேணுகாவிடம் கொடுத்தார். பிறகு நெஞ்சைப் பொறுமையாகத் தைத்தார். உயிரோடு இருக்கிறவனுக்குத் தைப்பது போல, தையலுக்குத் தையல் இடைவெளி பார்த்துத் தைத்தார்.

வேண்டா வெளியே வந்தபோது மோகன் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"ஆச்சு" என்றாள். "போயி சொல்லு. மெட்ராஸ்ல அவன் சிநேகிதனுங்க கீறாங்க. தொறந்து பாப்பாங்க. பாத்து எல்லாருக்கும் சொல்லுவாங்க. உங்களுக்கும்தான்."

மோகன் தலையாட்டினான். பிறகு பெட்டியைத் தன் வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பறைச் சத்தம் ஏரிக்கரைப் பக்கம் தேய்ந்து மறைந்ததும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். குழாயில் தண்ணீர் வேகமாகக் கொட்டி, பூவையும் அரிசியையும் வாசலுக்கு அடித்துக்கொண்டு போனது. ரேணுகா கருவியை ஒரு வெள்ளைத் துணியில் வைத்துச் சன்னல் மேடையில் வைத்திருந்தாள். சுவரோரம் ஈரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

திடீரென்று ஒரு சத்தம் கேட்டது. மெல்லிசாக, விட்டு விட்டு. விளக்குமாற்றுடன் நின்ற பெண் பயந்து பின்வாங்கினாள்.

"இன்னாது அது?"

"அதுதான்" என்றாள் ரேணுகா. "ஒயரு அறுந்துட்டா சத்தம் போடும். நெஞ்சு எங்கன்னு தேடுது."

"ஐயோ, நிறுத்துங்களேன் அத!"

வேண்டா எழுந்தாள். சன்னலைத் தாண்டி, ஈரத்தரையில் வழுக்காமல் நடந்துபோய், கொட்டிக்கொண்டிருந்த குழாயை மூடினாள். அந்தச் சத்தம் வீடு முழுக்கத் தெளிவாகக் கேட்டது.