தலையணைக்கடியில் ஐஸ்

உப்புவெளிக் கடற்கரையில் நாலு அறை கொண்ட அந்த விடுதி துசானியுடையது. சமையல், துப்புரவு, வெள்ளைக்காரரோடு கதைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. சட்டம் மட்டும் அவளுடைய கணவன் நிசாந்தனின் இலாகா. யூடியூப்பில் ஒரு சட்டத்தரணியின் பேச்சுகளைப் பார்த்துப் பார்த்து, வாய் திறந்தால் பிரிவு, உபபிரிவு என்றுதான் அவனுக்கு வரும்.

அன்று காலை ஒரு ஜெர்மன்காரி அறையைக் காலி செய்துவிட்டுக் கண்டி பஸ் ஏறினாள். படுக்கை விரிப்பை மாற்றப் போன துசானி, தலையணைக்கடியில் ஒரு பொலித்தீன் பையைக் கண்டாள். உள்ளே உடைந்த கண்ணாடி மாதிரி வெள்ளைத் துண்டுகள்.

"இஞ்சாருங்கோ, இதென்னண்டு பாருங்கோ."

நிசாந்தன் வாசலிலேயே நின்றுவிட்டான். "ஐயோ, தொடாதேயும்! ஐஸ்! போதைப்பொருள்!"

"தொட்டிட்டனே."

"அப்ப அது இப்ப உம்மட உடைமை. அஞ்சு கிராமுக்கு மேல எண்டால் மரண தண்டனை, இல்லாட்டி ஆயுள்."

"அப்ப நீங்கள் பிடியுங்கோ" என்று துசானி பையை நீட்டினாள்.

அவன் ஓரடி பின்னால் பாய்ந்தான். "தந்தீரெண்டால் அது விநியோகம்!"

"கக்கூசுக்குள்ள கொட்டிறன்."

"சாட்சியத்தை அழிச்ச குற்றம்!"

"கடலில எறிஞ்சிட்டு வாறன்."

"றோட்டைக் கடந்தால் கடத்தல்!"

"அப்ப நான் சாகுமட்டும் இப்பிடியே நிக்கிறதோ?"

நிசாந்தன் போனை எடுத்து யூடியூப்பில் தேடத் தொடங்கினான். துசானி பையை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, தானே பொலிசுக்கு அழைத்துச் சொன்னாள்.

காத்திருந்த நேரத்தில், யன்னலோரமாக எறும்புகள் வரிசை கட்டிப் பைக்குள் போவதைக் கண்டாள்.

"எறும்பு ஐஸ் தின்னுமோ?"

"போதை எண்டு வந்தால் எறும்பென்ன, மனிசனென்ன?"

முதல்நாள் ஜெர்மன்காரி நெற்றி நிறைய விபூதியோடு கோணேசர் கோயிலால் வந்தது துசானிக்கு நினைவு வந்தது. ஒரு துண்டை எடுத்து எறும்பைத் தட்டிவிட்டு வாயில் போட்டாள். நிசாந்தன் தலையில் கைவைத்துக்கொண்டு, "பாவனைக் குற்றம்!" என்று அலறினான்.

"கோயில் கற்கண்டு" என்றாள் துசானி, கடித்தபடி.

வரவேண்டாமென்று சொல்ல அவள் போனை எடுப்பதற்குள் ஜீப் படலைக்கு வந்துவிட்டது. சார்ஜன்ட் றிஸ்கான் பையைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பரவாயில்ல தங்கச்சி. முறைப்பாடு பதிஞ்சாச்சு, ஒருக்கா வீட்டையும் பாத்திட்டுப் போறம்."

அவர் சிரித்தபடியே போயிருப்பார். ஆனால் நிசாந்தன் குறுக்கே வந்து, பிடியாணை, தேடுதல் ஆணை, அடிப்படை உரிமை என்று அடுக்கத் தொடங்கினான். சார்ஜன்டின் முகத்தில் சிரிப்பு நின்றது. நேரே அவனுடைய அலுமாரியைத்தான் திறந்தார். சேட்டுகளுக்குப் பின்னால் இருந்து, கண்ணாடித் தாளில் சுற்றிய கறுப்பு உருண்டைகள் ஒரு பை நிறைய வந்தன.

"இது ஆருட?"

"நாரி நோவுக்கு... நாட்டு மருந்து."

"மதன மோதகம். கஞ்சா போட்டுக் கிண்டுற சாமான். சட்டம் இவ்வளவு தெரிஞ்ச உங்களுக்கு இது தெரியாதா?"

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் ஏன் மின்விசிறியைப் பார்த்துச் சிரிக்கிறான் என்பது துசானிக்கு அப்போதுதான் விளங்கியது.

கைதான நிசாந்தன் பிணையில் வந்தான். பரிசோதனை முடிவிலும் கஞ்சா என்றே வந்தது. வழக்கு நாளன்று அவனுடைய சட்டத்தரணி றஹ்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "ஒரே ஒரு சொல்லுத்தான். குற்றவாளி. அதுக்குமேல வாய் திறக்கக்கூடாது."

கூண்டில் ஏறிய நிசாந்தன் தொண்டையைச் செருமினான். "கனம் நீதவான் அவர்களே, இந்தக் கட்டளைச் சட்டத்தின்..."

"இஞ்சாருங்கோ!" என்று பின்வரிசை வாங்கிலிருந்து துசானி போட்ட சத்தத்தில் நீதவானே நிமிர்ந்து பார்த்தார்.

"குற்றவாளி" என்றான் நிசாந்தன்.

தண்டப் பணமும் ஒரு நீண்ட எச்சரிக்கையுமாக முடிந்தது. வெளியே வந்ததும் அவன், "மேன்முறையீடு எண்டொண்டு..." என்று தொடங்கினான். துசானி ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பினாள்.

"வாயை மூடிக்கொண்டு ஏறுங்கோ. இல்லாட்டி நடந்து வாங்கோ."

ஏறினான். துறைமுக வளைவு வரைக்கும் கோபத்தோடுதான் ஓட்டினாள். அங்கே, முதுகுக்குப் பின்னால் அவன் மூச்சுக்கூட விடாமல் இருப்பதை உணர்ந்ததும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தாள். கண்ணீர் வரும்வரை சிரித்தாள். நிசாந்தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்தான்.