மாமனார் பக்கத்து பிரேக்

பெண் கொடுத்தவர் மாப்பிள்ளையை மரியாதையாகத்தான் கூப்பிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை மாஸ்டர் ஒருநாளும் மீறியதில்லை. "மாப்பிள்ளை, வாங்க." "மாப்பிள்ளை, உக்காருங்க." "மாப்பிள்ளை, அந்த பஸ்ஸைக் கொஞ்சம் கழுவி விட்டுடறீங்களா?" வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் முதலாளி. கார், லாரி, பஸ் என்று மூன்று வகை லைசென்சுக்கும் அங்கீகாரம் பெற்ற பயிற்சி அங்கே நடந்தது. கார் கற்றுக்கொள்ள அந்த ஊரில் வேறு இடங்கள் இருந்தன. பஸ்ஸுக்கு அங்கீகாரம் இவரிடம் மட்டும்தான். பயிற்சியும் இவர் பஸ்ஸில், பரீட்சையும் இவர் பஸ்ஸில். மாப்பிள்ளையின் போதாத காலம், அவனுக்கு வேண்டியிருந்தது பஸ் லைசென்ஸ்.

அவன் முன்பு ஒரு பர்னிச்சர் தொழிற்சாலையில் டெலிவரி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். சந்து பொந்தெல்லாம் கட்டிலும் பீரோவும் ஏற்றிப் போய், வேன் மேல் ஒரு கீறல் விழாமல் திரும்பி வருவான். தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். வாடகைக்கு வழியில்லாமல் மனைவியோடு மாமனார் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவன் வந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. டயர் கடைக்காரனில் இருந்து டீ கொண்டுவருகிறவன் வரை எல்லோரும் அவனை 'மாப்பிள்ளை' என்றே கூப்பிட்டார்கள். 'வீட்டோடு' என்ற முன்வார்த்தையைச் சிரிப்போடு சேர்த்து விழுங்கிவிட்டுத்தான் கூப்பிட்டார்கள்.

துறைமுக நகரத்து பஸ் கம்பெனி ஒன்று வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தது. சம்பளத்தோடு, குடியிருக்க இரண்டு அறை வீடும் உண்டு. லைசென்ஸைக் கொண்டுவந்து காட்டினால் போதும். இரண்டு தடவை ஃபெயில் ஆன பிறகு கம்பெனி மேனேஜர் போனில் பட்டென்று சொல்லிவிட்டார்: "அடுத்ததும் இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்குவோம் தம்பி, தப்பா நினைக்காதீங்க."

பயிற்சி பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் மாஸ்டருக்கு ஒரு சீட்டு. அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவன் தடுமாறினால் அவர் மிதித்து நிறுத்தலாம். மிதித்தால் மணி அடிக்கும். பரீட்சை அன்று பின்னால் உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டர் அந்த மணிக்குத்தான் காது கொடுப்பார். மணி அடித்தால் ஃபெயில், மேல்பேச்சு கிடையாது.

முதல் பரீட்சையில் ரயில்வே கேட் பக்கம் மணி அடித்தது. இரண்டாவதில் பள்ளிக்கூடத்து வளைவில். இரண்டு தடவையும் அவன் கால் பிரேக்குக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. மணி முந்திக்கொண்டது.

"சார், நான் மிதிக்கப் போனேன் சார்" என்றான்.

"எல்லாரும் போறதுதான். போய்ச் சேரணும்ல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாஸ்டர் அவன் தோளில் கை போட்டு ஆறுதல் சொன்னார். "ஒரு நொடி லேட்டு, மாப்பிள்ளை. வேன்னா பரவால்ல, உள்ள இருக்கறது கட்டில். இது பஸ்ஸு, பாருங்க." வீட்டுக்கு விருந்தாளி வந்தபோது இன்னும் ஆறுதலாகச் சொன்னார். "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் போடும்மா. மெதுவா சாப்பிடட்டும். அவர் எதையும் மெதுவாத்தான செய்வாரு." விருந்தாளிகள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் மரியாதையாக இருக்காது என்று அவனும் சிரித்தான்.

அந்த ஆள் வேண்டுமென்றேதான் மிதித்தார். இதை மறைத்து வைத்து வித்தை காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. ஒரே மகள், அவள் போய்விட்டால் சமையலுக்கு யார், ஸ்கூல் ஆபீஸ் மேஜைக்கு யார்? அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. எதிரே ஒரு தோற்றவன் உட்கார்ந்திருந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது. நிரூபிக்க முடியாத குற்றம் அது. மணி அடிக்காமல் இருந்திருந்தால் இவன் மிதித்திருப்பான் என்பதற்கு யார் சாட்சி? இவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் கொடுமை.

இரண்டாவது பரீட்சை முடிந்த சாயங்காலம், சமையலறையில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கால் பிரேக்கைத் தொட்டுடுச்சு. தொட்டு அழுத்தறதுக்குள்ள மணி. காலே எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு" என்றான்.

கத்தி நின்றது. "கால் தொடறதுக்கும் மணி அடிக்கறதுக்கும் ஒரே சமயமா?"

"ஆமா. ஏன்?"

"எனக்கும் அப்படித்தாங்க."

கல்யாணத்துக்கு முன்னால் அவள் கார் லைசென்சுக்கு முயன்றது அவனுக்குத் தெரியாது. அப்பாவே கற்றுக்கொடுத்தார், அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் மணி அடித்தது. 'உனக்கு வராதும்மா, விடு' என்று அன்பாகச் சொன்னார். டிரைவிங் ஸ்கூல்காரர் மகளுக்கு வண்டி ஓட்ட வராது என்று ஊர் சிரித்தது. அவளும் விட்டுவிட்டாள். அன்று முதல் நடைதான்.

"அப்பா அந்த சீட்டுல உக்காரவே கூடாது" என்றாள். வெங்காயமா வேறு எதுவுமா தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது. பயிற்சி கொடுத்தவர் பின்னால் உட்காரட்டும் என்று பரீட்சைக்குப் போகிறவன் கேட்கலாம், விதியில் இடமுண்டு. மாஸ்டர் முகத்துக்கு நேரே கேட்கும் தைரியம்தான் யாருக்கும் இருந்ததில்லை. அவள் மறுநாளே இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு நடந்து போய் அவன் சார்பில் கேட்டுவிட்டு வந்தாள்.

மாஸ்டர் துளியும் கோபப்படவில்லை. "தாராளமா, மாப்பிள்ளை. உங்க இஷ்டம். ஆனா கிளாஸ் வரைக்கும் நான் பக்கத்துல இருந்துதான ஆகணும்?"

அந்த வகுப்புகளில்தான் மாப்பிள்ளை ஒரு உபாயம் கண்டுபிடித்தான். மாஸ்டர் மிதிக்கும் முன் அவர் முழங்கால் லேசாக உயரும். அது உயர்ந்ததுமே இவன் மிதித்துவிட்டால் மணிக்கு வேலையில்லை. முதல் நாள் பாதி மணிகளைத் தடுத்தான். பிறகு மணியே அடிக்கவில்லை. "முந்திட்டேன்!" என்று மனைவியிடம் வந்து குதித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள். மாடியில் பெட்டி நிரம்ப ஆரம்பித்தது. ஆபீஸ் மேஜைக்கு அடியில் அவள் கால் தானாக ஒரு இல்லாத பிரேக்கை மிதித்துப் பார்த்தது. "நீங்க பாஸ் பண்ணிட்டா, அங்க போய் நானும் கார் லைசென்ஸ் எடுப்பேன்" என்றாள். அவளை அவ்வளவு அழகாக அவன் பார்த்ததே இல்லை.

ஐயோ, அந்த முட்டாள் சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. மாப்பிள்ளையின் ஒரு கண் எங்கே போகிறது என்று மாஸ்டருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், வளைவுக்கு வளைவு, கோட்டுக்குக் கோடு, மிகச் சரியான இடத்தில் முழங்காலை உயர்த்திக் கொடுத்தார். பால் குடிக்கிற குழந்தைக்குக் கூட அவ்வளவு பொறுமையாக யாரும் ஊட்டமாட்டார்கள். மாப்பிள்ளை ரோட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

பரீட்சை அன்று வானம் தெளிவாக இருந்தது. இன்ஸ்பெக்டர் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். பயணி போல யாராவது இருந்தால் நல்லது என்று அவர் சொன்னதால் மனைவியும் ஏறிக்கொண்டாள். மாஸ்டர் கடைசி சீட்டுக்குப் போய்க் கைகட்டி உட்கார்ந்தார். பக்கத்து சீட்டு காலி.

பஸ் அழகாகக் கிளம்பியது. கியர் வெண்ணெய் போல விழுந்தது. ரயில்வே கேட்டில் முன்னால் ஒரு லாரி நின்றதால் இவனும் நின்றான். பள்ளிக்கூடத்து வளைவில் போலீஸ்காரர் கை காட்டியதால் வேகம் குறைத்தான். மணி இல்லை. மனைவி முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்னும் ஒரு கடைத்தெரு. அதைத் தாண்டினால் லைசென்ஸ், இரண்டு அறை வீடு, அவர்களுடைய சாப்பாடு அவர்களுடைய மேஜையில்.

கடைத்தெருவில், ரோட்டைக் கடப்பவர்களுக்கான வெள்ளைக் கோடுகளில் ஒரு பெண் காய்கறிப் பையோடு இறங்கினாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தான். பார்த்ததும் அவன் கண், பழகிய வழியில், பக்கத்து சீட்டுக்குப் போனது. அங்கே முழங்கால் இல்லை. உயர்வதற்கு ஒன்றும் இல்லாததால் அவன் கால் காத்திருந்தது.

"பிரேக்!" என்று கடைசி சீட்டில் இருந்து மாஸ்டர் கத்தினார்.

கால் அவர் சொன்னதைக் கேட்டது. பஸ் வெள்ளைக் கோடுகளின் மேல் ஏறி, அந்தப் பெண்ணுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. காய்கறியெல்லாம் ரோட்டில் உருண்டது. மாஸ்டர் இறங்கிப் போய், அந்தப் பெண் முன்னால் கைகூப்பி, "மன்னிச்சுக்குங்கம்மா, நம்ம மாப்பிள்ளைதான்" என்றார். குனிந்து தக்காளியைப் பொறுக்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன் என்று கடைத்தெரு முழுக்கப் பேசியிருக்கும்.

"மணி அடிக்கல, சரி. அடிக்க ஆளில்ல, அதான்" என்றார் இன்ஸ்பெக்டர். "உன் மாமனார் உன்னைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்காருப்பா. அது உனக்குத் தெரியல."

அவனை ஸ்டியரிங்கில் விடாமல் எழுப்பினார்கள். மாஸ்டர் உட்கார்ந்து பஸ்ஸைத் திருப்பினார். மாப்பிள்ளை பின்னால் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தான். முழங்காலைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டும், முழுசாக, ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். சொன்னால் என்ன மிஞ்சும்? 'ரோட்டைப் பார்க்காமல் உன் அப்பா காலைப் பார்த்து ஓட்டினேன்' என்பதுதான் மிஞ்சும். வாயை மூடிக்கொண்டான்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாதங்கள் இரண்டும் சீட்டுக்கு அடியில் ஒடுங்கிப் போயிருந்தன.

"அப்ப அன்னிக்கு எனக்கும் லேட்டுதான் போலங்க" என்றாள். அவன்மேல் கோபமே இல்லாத குரலில் சொன்னாள். "அப்பாவப் போய் சந்தேகப்பட்டுட்டோமே."

முன்னால் சிக்னல் சிவப்பாக மாறியது. மாஸ்டர் கண்ணாடியில் பின்னால் பார்த்து, வழக்கம் குறையாத மரியாதையோடு குரல் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, கம்பியக் கெட்டியா புடிச்சுக்குங்க. பிரேக் போடறேன்."

அவன் பிடித்துக்கொண்டான்.