டோமினோ மீனை வாங்கியவன்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்தது இலக்கிய ஆசையால் அல்ல. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வளர்ப்பு மீன் கடையைத் தாண்டிப் போகக் கூசி, பத்து நாளாகச் சந்தைப் பக்கம் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஒருவனை எனக்குத் தெரியும். அவனுக்கு டைட்டஸ் என்று பேர் வைத்திருக்கிறேன்.

முதல் வரியாக, ‘கடல் இல்லாத ஊரில் ஒருவன் கடலை வாங்கினான்’ என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவன் வாங்கியது இரண்டடிக் கண்ணாடித் தொட்டியும் ஒரு வாளி உப்பும்தான்.

2

டைட்டஸ் ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவன். தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன். மனைவி ஃப்ளோராவுக்கு முதுகில் ஆபரேஷனாகி மூன்று மாதம் படுக்கை. பார்த்துக்கொண்டிருக்க உயிருள்ள ஏதாவது வேண்டுமே என்று உப்புநீர்த் தொட்டி வைத்தான்.

ஒன்றோடொன்று ஒத்துப்போகிற மீன்களாகப் பார்த்துக் கொடுத்தவர் கடைக்காரர் சைலஸ். டைட்டஸும் ஃப்ளோராவும் போகிற அதே சர்ச் சபைக்காரர்தான். இரண்டு க்ளவுன் மீன், ஒரு ஃபயர் ஃபிஷ். அந்த மூன்றாவது, விரல் நீளம், வால் பக்கம் மட்டும் நெருப்பு நிறம், பயந்த சுபாவம். ஃப்ளோராவைக் கண்டால் மட்டும் கல்லிடுக்கிலிருந்து வெளியே வரும்.

(வரும் என்று அவள் சொல்வாள். மீனுக்கு ஆள் தெரியுமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.)

டைட்டஸுக்கு மூன்று போதவில்லை. கறுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டு வைத்த டோமினோ மீனைக் கேட்டான்.

“வேணாம் டைட்டஸ். சின்னதா இருக்கசொல்ல அழகாத்தான் இருக்கும். சாது மீன நிம்மதியா உடாது.”

“இன்னா அண்ணே, லைன் வீட்ல ஒரே ரூம்ல ஒம்போது பேரு இருந்தோம். அப்பா நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா நாங்க எழுந்து எடம் குடுப்போம். அட்ஜஸ்ட் பண்ணிக்கல?”

“நமக்கு கதவ தொறந்தா தெரு இருந்துச்சு. அதுக்கு இன்னா இருக்குது?” என்றார் சைலஸ். விற்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

3

‘டைட்டஸ் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப்—’

இல்லை. அவன் அதை பெங்களூரில் வாங்கினான். பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தான். சைலஸ் கடையில் வாங்கியதாக ஃப்ளோராவிடம் சொன்னான்.

மூன்றாம் நாள் டோமினோ கல்லிடுக்கைப் பிடித்துக்கொண்டு ஃபயர் ஃபிஷ்ஷைத் துரத்தியது. “ரெண்டும் ஓடிப் புடிச்சு வெளையாடுதுங்க” என்று ஃப்ளோரா சிரித்தாள். ஃபயர் ஃபிஷ்ஷின் துடுப்பு கிழிந்திருந்ததை டைட்டஸ் பார்த்தான். பழகிக்கொள்ளும் என்று விட்டுவிட்டான். ஐந்தாம் நாள் காலை அது தொட்டியைவிட்டு எகிறிக் குதித்து, சிமெண்டுத் தரையில் காய்ந்து கிடந்தது.

“இன்னாங்க ஆச்சு அதுக்கு?”

“சைலஸண்ணன் நோவு புடிச்ச மீன நம்ம தலைல கட்டிட்டாரு.”

யோசித்துச் சொன்ன பொய்யல்ல என்று அவனுக்காக வாதாடி ஒரு பத்தி எழுதினேன். படிக்க எனக்கே அசிங்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

4

செய்தி கேட்டு சைலஸ் தண்ணீரைச் சோதிக்கத் தானே வந்தார். அந்த நேரம் பார்த்து, நோயாளிக்கு ஜெபம் பண்ணச் சபைப் பெண்கள் நாலு பேர் வந்திருந்தார்கள்.

“நம்ம சபை ஆளுன்னு நம்பித்தான அண்ணே வாங்கினோம்” என்று ஃப்ளோரா முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

சைலஸ் குனிந்து தொட்டியைப் பார்த்தார். டோமினோ இருந்தது. நிமிர்ந்து டைட்டஸைப் பார்த்தார். டைட்டஸ் தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“என் மீன்லதான் கோளாறு இருந்திருக்கும். மன்னிச்சிடும்மா” என்றார் சைலஸ்.

படுக்கையில் கிடப்பவள் முன்னால் அவள் புருஷனைப் பொய்யனாக்க மனசு வரவில்லையோ என்னவோ. கதை எழுதுகிறவன் என்பதால் எல்லார் மனசும் எனக்குத் தெரிந்துவிடாது.

‘சைலஸ் கடை மீன் தங்காது’ என்ற பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கப் பரவிவிட்டது. வருகிற சனிக்கிழமையோடு கடல் மீன் தொட்டிகளை எடுத்துவிடப் போகிறாராம்.

5

ஒரு முடிவு: டைட்டஸ் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்கிறான். எல்லாரும் அழுகிறார்கள். (அவனுக்கு அவ்வளவு முதுகெலும்பு இருந்தால் இந்தக் கதையே இல்லை.)

இன்னொரு முடிவு: சைலஸுக்குப் பேர் போடாமல் ஒரு கடிதம்—

போதும். டைட்டஸ் என்று எவனும் இல்லை. மடியில் பையோடு ரயிலில் வந்தவன் நான்தான். மூன்று தெரு நடந்து போய்ச் சொல்லத் துப்பில்லாமல் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாயால் சொல்ல வராததால், இதுவரை எழுதியதை ஃப்ளோரா கையில் கொடுத்தேன். இடுப்பில் பெல்ட் போட்டு இப்போது மெல்ல நடக்கிறாள். படித்தாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, தாள்களை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

“நாலு பேரு முன்னாடி அவர கேட்டது என் வாயிதான. நான் போறேன். நீங்க வர்றீங்களா?”

அந்தத் தாள்களோடு அவள் போய்விட்டாள்; இந்தக் கடைசி வரிகளை வேறு தாளில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்படியென்றால் அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று உங்களுக்கே விளங்கியிருக்கும். அந்த முதுகோடு அவளால் வேகமாகப் போக முடியாது. இப்போது கிளம்பினாலும் எட்டிப் பிடித்துவிடலாம். ‘எழுந்து போனேன்’ என்று எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. எழுதினால் நீங்கள் நம்புவீர்களா?