பத்தாவது கையெழுத்து

தெருவில் அவரைச் சான்றுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னால்கூட "சான்று எங்கே?" என்று கேட்கிற ஆள். பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. உயிர்மூச்சாக, கடையின் மேல்மாடியில் நாத்திகர் உரிமைச் சங்கம். கடவுளை நம்பாததால் வேலையோ வாடகை வீடோ போனவர்கள் அந்தப் படியேறினால், முதலில் தண்ணீர் கொடுப்பார், அப்புறம் மனு எழுதுவார். முப்பது வருடமாக இதே பிடிவாதம்.

இப்போது ஒரு பாட்டு டீச்சரின் வழக்கு. காலையில் பிரார்த்தனைப் பாட்டுப் பாட மாட்டேன் என்றதற்காகப் பள்ளிக்கூடம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நாளை விசாரணை. வழக்குப் போட்டது சங்கம் என்பதால், சங்கத்தின் பதிவு செத்தால் வழக்கும் சேர்ந்து சாகும். பதிவு பிழைக்க, பத்து உறுப்பினர்கள் கையெழுத்திட்ட பட்டியலை இன்று நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். இருந்ததோ ஒன்பது பேர்.

ஒரு காலத்தில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். குறைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, சான்றுக்காரர்தான். 'உறுப்பினர் கடவுள் நம்பிக்கை துளியும் அற்றவராக இருத்தல் வேண்டும்' என்று விதி எழுதியவரும் அவர், அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவரும் அவர். கதவிடுக்கில் விரல் நசுங்கி "கடவுளே!" என்று அலறிய தையல்காரரை நீக்கினார். மகளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரரிடம் விளக்கம் கேட்டார். தூங்கினேன் என்றார் அவர். சான்று இல்லையென்று அவரையும் நீக்கினார்.

இன்று காலையில் சான்றுக்காரர் அந்தத் தையல்காரரின் கடை வாசலில் போய் நின்றார். "விரல் நசுங்கினப்போ, வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு அவர் தையல் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். புதிதாக யாரையாவது சேர்க்கலாமென்று சான்றுக்காரர் தெருத்தெருவாக அலைந்தார். நம்பாதவர்கள் எக்கச்சக்கம் இருந்தார்கள். எழுதிக் கொடுங்கள் என்றதும் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

மூன்று மணிக்கு மாடியில் ஒன்பது பேரும் உர்ரென்று உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் பாட்டு டீச்சர், வேலைநீக்கக் கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். சான்றுக்காரரின் மனைவி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். காலையும் மாலையும் தவறாமல் பிரார்த்தனை செய்கிறவள் அவள். கணவனின் சங்கத்தில் அவளும் தலையிட்டதில்லை, அவள் சாமியிடம் அவரும் வம்புக்குப் போனதில்லை.

"நீ ஒரு கையெழுத்துப் போடேன்" என்றார் சான்றுக்காரர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"என்னன்னு?"

"கடவுள் இல்லன்னு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"நல்ல காரியத்துக்குத்தானே..."

"போட்டுடுவேன். என்னைக் கடவுள் மன்னிச்சிடுவாரு. உங்களை யாரு மன்னிப்பாங்க?"

அவர் டீ கிளாஸை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணுக்கு வேலை திரும்பக் கிடைக்கணும்னு தினம் வேண்டிக்கிறேன். அதுக்காக எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன். ஆனா நான் நம்புறேன்னு தெரிஞ்சே சேத்துக்குங்க."

ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் தொண்டையைச் செருமினார். "ஒம்பது பேரு இருக்கோம். விதியைத் திருத்த அது போதும். திருத்தத்தையும் பட்டியலையும் ஒண்ணாவே குடுத்துடலாம்."

இன்னொரு உறுப்பினரான தபால்காரர் துள்ளி எழுந்தார். "சாமி கும்பிடுறவங்க நாத்திகர் சங்கத்துலயா? ஊரே சிரிக்கும்!"

"உங்க தலைவருக்குப் பல்லு பிடுங்கினப்போ நான்தான் பக்கத்துல நின்னேன்" என்றாள் அவள் நிதானமாக. "எத்தனை 'கடவுளே' போட்டாருன்னு சொல்லட்டுமா?"

"அது... மயக்க மருந்து" என்று முனகினார் சான்றுக்காரர். அவரிடம் சான்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

அவர் பாட்டு டீச்சரைப் பார்த்தார். கடிதம் மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. இவள் சோற்றில் மண் விழப்போவது பள்ளிக்கூடத்தால் மட்டுமில்லை, தன் வீம்பாலும்தான் என்பது உறைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. பேனாவை எடுத்து, முப்பது வருடம் கட்டிக் காத்த வரியை அடித்தார். 'நம்பாதவரின் உரிமைக்குத் துணை நிற்கும் எவரும் உறுப்பினராகலாம்' என்று மேலே எழுதினார். ஒன்பது கைகள் உயர்ந்தன, தபால்காரருடையது கடைசியாக.

மணி மூன்றே முக்கால். பதிவு அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. மனைவி பேனாவை வாங்கினாள். வாங்கியவள் கையெழுத்துப் போடாமல் கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் அசைந்தன.

தபால்காரர் தவித்தார். "அண்ணி, நேரமாச்சு! வேண்டுதலை அப்புறம் வச்சுக்கக் கூடாதா?"

"சும்மா இருய்யா!" சான்றுக்காரர் போட்ட அதட்டலில் டீ கிளாஸ்கள் அதிர்ந்தன. "அது அவ உரிமை."

அவள் கண் திறக்கும்வரை ஒன்பது நாத்திகர்களும் இருமக்கூட இல்லை.